விரல் நகத்தில் நானூறு பாட்டு

சேலத்தில் கிளம்பிய பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் ஏற்காடு. ஊரின் நடுவே ஒண்டிக்கடை ரவுண்டானா. ஏரிக்கோ லேடீஸ் சீட்டுக்கோ சேர்வராயன் கோயிலுக்கோ வழி கேட்டால் ஒண்டிக்கடையை வைத்துத்தான் சொல்வார்கள். எஸ்டேட்டில் வேலை முடித்தவர்களும், மலைக் கிராமங்களிலிருந்து சாமான் வாங்க வந்தவர்களும், ஊர் பார்க்க வந்தவர்களும் கலக்கிற சந்தி அது. காப்பித்தூளும் மிளகும் விற்கிற கடைகள், பஜ்ஜிக் கடைகள், அவற்றுக்கு நடுவில் செல்போன் கடைகள். அந்தக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள், சார்ஜருக்கும் ஹெட்செட்டுக்கும் பக்கத்தில், அட்டையில் ஒட்டிய கறுப்புத் துண்டு ஒன்று தொங்கும். நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11, கனம் 1. அதன் முறையான பெயர் மைக்ரோ எஸ்டி. கடையில் மெமரி கார்டு என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்தத் துண்டு அங்கே வந்து சேரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வழியில் அதன் உடன்பிறப்புகள் பல செத்துப்போயின. இது மட்டும் பிழைத்து மலையேறியதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தொடக்கம் ஜப்பானில், தோஷிபா நிறுவனத்தில். ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் 1980 வாக்கில் ஒரு கணக்குப் போட்டார். மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத சிப்புகள் அப்போதே இருந்தன. ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக அழித்து எழுதும் வசதிக்காக ஒவ்வொரு செல்லிலும் இரண்டு டிரான்சிஸ்டர் வைக்க வேண்டியிருந்தது. இடமும் போயிற்று, காசும் போயிற்று. மசுவோகா அந்த வசதியையே கைவிட்டார். ஓர் எழுத்தை மட்டும் அழிக்க வேண்டாம், சிலேட்டைத் துடைப்பதுபோல ஒரு பகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழிப்போம், பிறகு புதிதாக எழுதுவோம் என்றார். ஒரு செல்லுக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதுமென்று ஆயிற்று. 1984இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மின்னணுப் பொறியாளர் மாநாட்டில் இதை வெளியிட்டார். 1987இல் இன்னும் நெருக்கமாகச் செல்களை அடுக்கும் நாண்ட் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கு உலகத்தில் விற்கிற மெமரி கார்டு, பென்டிரைவ், போனின் உள் நினைவகம் எல்லாம் அந்த நாண்ட் வழிவந்தவைதான்.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு செல்லிலும் நாலு பக்கமும் மின்கடத்தாப் படலத்தால் மூடிய மிகச் சிறிய தீவு ஒன்று இருக்கிறது. அழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களை அதற்குள் தள்ளினால் அவை வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். எலெக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்பதுதான் பூஜ்யம், ஒன்று. பாட்டும் கல்யாணப் படமும் கடைசியில் சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள்தான். அவை மெல்ல மெல்லக் கசியும் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். இந்தக் கதை போய் முடிகிற இடம் அதுதான்.

மசுவோகாவுக்கு என்ன கிடைத்தது? நிறுவனம் தந்த வெகுமதி மிகச் சொற்பம். அவர் பிறகு தோஷிபாவை விட்டு வெளியேறிப் பேராசிரியரானார். 2004இல் தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கைக் கேட்டு வழக்குப் போட்டார். 2006இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசம் ஆனது. உலகத்தின் ஒவ்வொரு சட்டைப் பைக்குள்ளும் புகுந்த ஒரு பொருளுக்கு அது கூலியே அல்ல என்பது என் எண்ணம். தோஷிபாவும் அந்தத் தொழிலைக் கையில் வைத்துக்கொள்ள முடியவில்லை. கடன் நெருக்கடியில் 2018இல் நினைவகப் பிரிவை விற்றது. அது இன்று கியாக்சியா என்ற பெயரில் நடக்கிறது.

சிப்பு கிடைத்துவிட்டது. அதை எந்த உடம்புக்குள் வைப்பது என்பதில்தான் சண்டை. 1988இல் அமெரிக்காவில் எலி ஹராரி, ஜாக் யுவான், சஞ்சய் மெஹ்ரோத்ரா மூவரும் சேர்ந்து சன்டிஸ்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிறகு அது சான்டிஸ்க் ஆயிற்று. மெஹ்ரோத்ரா கான்பூரில் பிறந்தவர். படிக்கப் போக அமெரிக்க விசா மூன்று முறை மறுக்கப்பட்டு, தந்தை தூதரகத்தில் வாதாடி வாங்கிக்கொடுத்ததால் போனவர். இன்று அவர் தலைமை தாங்கும் மைக்ரான் நிறுவனம் குஜராத்தின் சாணந்தில் சிப்புகளைச் சோதித்துப் பொதியும் ஆலைக்கு 2023இல் அடிக்கல் நாட்டியது.

சான்டிஸ்க் 1994இல் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைக் கொண்டுவந்தது. தீப்பெட்டி அகலம், 50 ஊசித் துளைகள். தோஷிபா 1995இல் ஸ்மார்ட் மீடியா. சான்டிஸ்க்கும் சீமென்சும் 1997இல் எம்எம்சி. சோனி 1998இல் மெமரி ஸ்டிக். ஒலிம்பஸும் ஃபியூஜி ஃபிலிமும் 2002இல் எக்ஸ்டி. கேமரா வாங்குகிறவர் கார்டு எது என்று தெரியாமல் கடையில் முழித்த காலம் அது. ஒன்றின் கார்டு இன்னொன்றில் நுழையாது.

இதில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஸ்மார்ட் மீடியாவிலும் எக்ஸ்டியிலும் வெறும் நினைவகச் சிப்பு மட்டுமே இருந்தது. அதை நிர்வகிக்கும் மூளை கேமராவுக்குள் இருந்தது. அதனால் கார்டின் கொள்ளளவு கூடும்போதெல்லாம் பழைய கேமராவுக்கு அது புரியாமல் போயிற்று. காம்பாக்ட் ஃபிளாஷிலும் எம்எம்சியிலும் கார்டுக்குள்ளேயே ஒரு சிறு கணினி இருந்தது. எந்தச் செல் கெட்டுப்போனது, எதை எங்கே எழுதுவது, ஒரே இடம் தேயாமல் எப்படிப் பரப்பி எழுதுவது என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். வெளியே இருக்கிற கருவி, இந்த எண்ணுள்ள பகுதியைக் கொடு என்று கேட்டால் போதும். உள்ளே சிப்பு எத்தனை தலைமுறை மாறினாலும் வெளியே பேசும் மொழி மாறவில்லை. எனக்குத் தெரிந்தவரை மெமரி கார்டின் வரலாற்றில் எடுத்த மிக நல்ல முடிவு இதுதான்.

1999 ஆகஸ்டில் மாட்சுஷிடா (பானசோனிக்), சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்டி கார்டை அறிவித்தன. எம்எம்சியின் அதே நீள அகலம், 32க்கு 24 மில்லிமீட்டர். கனம் மட்டும் 2.1. பழைய எம்எம்சியும் புதிய துளைக்குள் நுழையும்படி செய்தார்கள். ஓரத்தில் எழுதவிடாமல் தடுக்கும் சின்னத் தாழ்ப்பாள். பாட்டுக் கம்பெனிகள் திருட்டுப் பிரதிக்குப் பயந்திருந்த காலம் ஆதலால், உள்ளே பிரதியெடுப்பைத் தடுக்கும் பூட்டையும் வைத்தார்கள். அந்தப் பூட்டைப் பெரும்பாலோர் பயன்படுத்தவே இல்லை. 2000 ஜனவரியில் எஸ்டி சங்கம் அமைந்தது. உறுப்பினராகிக் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் அந்தத் தரத்தில் கார்டும் கருவியும் செய்யலாம். சோனி தன் மெமரி ஸ்டிக்கைப் பெரும்பாலும் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. விலை இறங்கவில்லை, மற்றவர்கள் சேரவில்லை. 2010இல் சோனியே எஸ்டி கார்டும் விற்கத் தொடங்கியது.

ஆக, எஸ்டி வென்றது அது மற்றவற்றைவிட உயர்ந்த சரக்கு என்பதால் அல்ல. போட்டிக்காரர்கள் ஓர் அளவுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டதால் ஆயிரம் பேர் செய்தார்கள், விலை விழுந்தது. விலை விழுந்ததால்தான் அது மலையேறி ஒண்டிக்கடைக்கு வந்தது.

வருவதற்கு முன் இன்னும் சுருங்க வேண்டியிருந்தது. போனுக்கு எஸ்டி கார்டு பெரிது. நோக்கியா தன் 6600 மாடலில் எம்எம்சியை வைத்தது. பெட்டியோடு வந்த கார்டு 32 எம்பி. ஆறேழு பாட்டுக்கு மேல் இடமில்லை. பிறகு எம்எம்சியைப் பாதியாக வெட்டிய வடிவம் நோக்கியா 6630இலும் என் 70இலும் வந்தது. 2003இல் மினி எஸ்டி. 2004இல் மோட்டோரோலாவின் போனுக்காக சான்டிஸ்க் டிரான்ஸ் ஃபிளாஷ் என்று ஒன்றைச் செய்தது. 2005இல் எஸ்டி சங்கம் அதை அப்படியே தத்தெடுத்து மைக்ரோ எஸ்டி என்று பெயர் மாற்றியது. எஸ்டி கார்டின் பருமனில் பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் பேசும் மொழி அதே. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், கடைக்காரர்கள் அடாப்டர் என்று சொல்லும் அதற்குள், செருகினால் கேமராவின் பெரிய துளையிலும் வேலை செய்தது.

2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் போன் மலிந்த ஆண்டுகள் அவை. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. இந்த எட்டொன்பது ஆண்டுகளுக்குள்தான் மெமரி கார்டு நம் ஊர்களில் குடியேறியது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அட்டை அட்டையாக வாங்கி, பையில் போட்டுக்கொண்டு, இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் சேலம். பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டாலும் வந்து சேரும். ஆயிரம் கார்டு ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்கும். மலைக்கு அனுப்ப இதைவிடச் சுலபமான சரக்கு இருந்ததில்லை.

கடைக்கு வந்த கார்டுக்கு உயிர் வருவது பாட்டு ஏற்றும்போதுதான்.

மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும் என்று எழுதிய பலகை தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூரில் இல்லை? கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், யுஎஸ்பியில் செருகிய கார்டு ரீடர். திரையில் ஃபோல்டர்கள்: இளையராஜா ஹிட்ஸ், டிஎம்எஸ் தத்துவம், எஸ்பிபி சோகம், எல்.ஆர். ஈஸ்வரி அம்மன், குத்து. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

"கண்ணு, அம்மன் பாட்டு கொஞ்சம், எம்ஜிஆர் பாட்டு கொஞ்சம் ஏத்திக் குடு."

"கார்டு எத்தனை ஜிபிங்கம்மா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும், நீயே பாரு சாமி."

"ரெண்டு ஜிபிங்க. பழையதெல்லாம் அழிச்சிரலாங்களா?"

"ஐயோ, என் பேத்தி படம் இருக்குது, அத விட்டுட்டு ஏத்து."

ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று, வழக்கமான 128 கிலோபிட் எம்பி 3 தரத்தில், சுமார் 5 எம்பி இடம் பிடிக்கும். 2 ஜிபி கார்டில் நானூறு பாட்டு. ஒரு மணி நேரக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டு என்று வைத்தால் முப்பதுக்கும் மேற்பட்ட கேசட்டுகள். ஓர் ஏழை வீடு அதுவரை தன் ஆயுளில் அத்தனை கேசட் வாங்கியிருக்காது. நிறைய ஏற்றிக்கொள்ள முப்பதோ ஐம்பதோ ரூபாய். நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், சில்வர் ஓக் நிழலில், இடுப்பில் கூடையும் சேலைத் தலைப்பில் முடிந்த போனும். சிக்னல் எட்டாத பள்ளத்திலும் பாட்டு ஒலித்தது. போன் பேச உதவாத இடத்திலும் அது பாடியது. கார்டு செருகும் துளையுள்ள சீன ரேடியோப் பெட்டிகள் வந்தபிறகு டீக்கடைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் பாட்டு போயிற்று.

அந்தப் பெட்டிகளுக்கு ஒரு குறை இருந்தது. கார்டின் கோப்பு முறையில் தமிழில் பெயர் எழுதிச் சேமிக்கத் தடையே இல்லை. ஆனால் பெட்டிக்குள் தமிழ் எழுத்துரு இல்லாததால் திரையில் வெறும் கட்டங்கள் தெரியும். அதனால்தான் நம் பாட்டுகளெல்லாம் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் பெயர் சூடிக்கொண்டு திரிந்தன. தமிழ்ப் பாட்டைத் தமிழ்ப் பெயரில் தேட முடியாத ஒரு தலைமுறைச் சேமிப்பு அப்படி உருவானது. இது எனக்கு இன்றும் வருத்தம்.

வருத்தம் இன்னொன்றும் உண்டு. இப்படி ஏற்றிய பாட்டுகளில் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் எழுதியவருக்கும் ஒரு காசும் போகவில்லை. அது சட்டப்படி குற்றம். 2004இலேயே தமிழக அரசு திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்திருந்தது. பாட்டும் படமும் ஏற்றித் தந்த கடைகளில் போலீஸ் சோதனை நடப்பதும் வழக்கமாக இருந்தது. ஆனால் அந்த மக்கள் காசு கொடுத்து முறையாக வாங்க அப்போது என்ன வழி இருந்தது? கேசட் கடைகள் மூடிக்கொண்டிருந்தன. இணையத்தில் பாட்டு வாங்கக் கடன் அட்டை வேண்டும். மலையில் ஒரு கிராமத்தாருக்கு நியாயமான விலையில் நியாயமான வழியை யாரும் வைக்கவில்லை. குற்றத்தில் பாதியை அங்கேயும் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைக் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டோடு வைரஸும் ஏறியது. கார்டைத் திறந்தால் ஃபோல்டருக்குப் பதில் அதே பெயரில் குறுக்குவழிக் குறிகள் மட்டும் இருக்கும். படமெல்லாம் போய்விட்டது என்று அழுதவர்கள் உண்டு. போகவில்லை. வைரஸ் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்திருக்கும், அவ்வளவுதான். விவரம் தெரிந்த கடைப் பையன் ஒரே ஒரு கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் மீண்டும் கொண்டுவந்துவிடுவான். பிளஸ் டூ முடித்துவிட்டு, யாரும் கற்றுத்தராமல் இதைக் கற்றுக்கொண்ட பையன்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை.

அந்தப் பையன்களுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு சங்கதி, 'இந்த போன் ரெண்டு ஜிபிக்கு மேல எடுக்காதுங்க' என்பது. எஸ்டி தரத்தின் முதல் தலைமுறைக்கு 2 ஜிபிதான் எல்லை. 2006இல் வந்த எஸ்டிஎச்சி அதை 32 ஜிபிக்கு உயர்த்தியது. 2009இல் எஸ்டிஎக்ஸ்சி 2 டிபிக்கு. உருவம் மாறவில்லை, துளையில் பொருந்தும், ஆனால் பழைய போனுக்குப் புதிய கார்டு புரியாது. புதிய போனுக்குப் பழைய கார்டு புரியும். ஒரு பக்கமாவது கதவு திறந்திருந்தது.

போலிகளையும் சொல்ல வேண்டும். 32 ஜிபி என்று அச்சிட்ட கார்டுக்குள் 2 ஜிபி சிப்பு மட்டும் இருக்கும். உள்ளே இருக்கிற அந்தச் சிறு கணினிக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். போனில் போட்டால் 32 என்றே காட்டும். இடம் தீர்ந்தபின் புதியதை எழுதும்போது பழையதன்மேல் எழுதும், அல்லது எழுதியதாக நடிக்கும். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் படத்தின் பெயர் இருக்கும், படம் இருக்காது. ஆண்ட்ரூ பன்னி ஹுவாங் என்ற பொறியாளர் 2010இல் சீனாவின் ஷென்ஜென் சந்தையில் கார்டுகளை வாங்கி அமிலத்தில் கரைத்து உள்ளிருப்பதைப் படமெடுத்துப் போலிக் கார்டுகளைப் பற்றி எழுதினார். 2013 இறுதியில் ஹாம்பர்க்கில் நடந்த ஹேக்கர் மாநாட்டில், இந்தக் கார்டுக்குள் இருக்கும் கணினியைத் திறந்து அதில் தங்கள் நிரலை ஓட்டிக் காட்டினார்கள் அவரும் அவர் நண்பரும். கார்டுக்குள் கணினி ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணம் முக்கியமானது. நாண்ட் சிப்புகள் எல்லாமே ஏதோ ஒரு அளவுக்குக் குறையோடுதான் பிறக்கின்றன. ஒவ்வொன்றையும் முழுதாகச் சோதித்து ஒதுக்குவதைவிட, குறையை மூடிமறைக்கும் சிறு கணினி ஒன்றைப் பக்கத்தில் ஒட்டிவிடுவது மலிவு. நம் நகத்தளவுத் துண்டில் எப்போதும் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து நட்டத்தைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கிறார். அவர் களைத்துப்போகிற நாளில் போன் சொல்லும்: கார்டை ஃபார்மேட் செய்யவா?

பாட்டைத் தாண்டியும் இந்தத் துண்டு வேலை பார்த்தது. 2018-19 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டினார்கள். முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை எல்லாம் அதில் அடக்கம். காட்டில் நெட்வொர்க் ஏது? வனக்காவலர்கள் நடந்து போய்க் கார்டைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். சேர்ந்த படங்கள் 3,48,58,623. அதில் புலி 76,651, சிறுத்தை 51,777. கின்னஸ் பதிவேட்டில் ஏறிய எண்கள் இவை. நீதிமன்றத்துக்கும் கார்டு போனது. அது வெறும் பொருளா, ஆவணமா என்ற கேள்வி கேரள வழக்கு ஒன்றில் எழுந்தபோது, கார்டில் அடங்கியிருப்பது ஆவணமே என்று 2019 நவம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆவணம் ஆனதால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதன் பிரதியைப் பெறும் உரிமை வருகிறது. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் அதில் இருப்பதால் பார்வையிட மட்டும் அனுமதி என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஒரு கார்டுக்குள் ஒரு மனிதரின் மானம் இருக்கக்கூடும் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்ற நாள் அது.

இதற்கிடையே போன்களில் கார்டு செருகும் துளைகள் மூடத் தொடங்கின.

2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்தது. டேட்டா மலிந்ததும் பாட்டு ஏற்றுகிற பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆப்பிளின் ஐபோனில் முதலிலிருந்தே துளை இல்லை. சாம்சங் 2015இல் தன் உயர்விலை போனிலிருந்து எடுத்தது. வாங்கியவர்கள் சத்தம் போட்டதும் 2016இல் திரும்ப வைத்தது. 2021இல் எஸ் 21 மாடலில் மறுபடி எடுத்தது. விலை குறைந்த போன்களிலும் இரண்டாவது சிம்மா, மெமரி கார்டா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தட்டு வந்தது. வேறு வேறு இடங்களில் வேறு வேறு டவர் பிடிக்கும் மலையில் இரண்டு சிம் இல்லாமல் முடியாது. கார்டு தோற்றது.

தண்ணீர் புகாமல் காக்க, வேகம் கூட்ட என்று நிறுவனங்கள் காரணம் சொல்கின்றன. கார்டைவிட உள் நினைவகம் வேகமானது என்பது உண்மைதான். ஆனால் துளை இல்லாத போனில் இடம் வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய மாடலை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மாதச் சந்தா கட்டி வெளிநாட்டுச் சர்வரில் வைக்க வேண்டும். சந்தா நின்றால் சேமிப்பும் கேள்விக்குறி. ஒருமுறை வாங்கி, கழற்றி, பையில் போட்டு, மகளுக்குக் கொடுத்துவிடக் கூடிய பொருளை நம் கையிலிருந்து எடுத்துவிட்டு, வாடகைக்கு இடம் தருகிறார்கள். இது ஏழைக்கு நட்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பிளஸ் டூ மாணவர்களின் அரசு மடிக்கணினியில் பாடக் காணொளிகளைப் பள்ளியிலேயே ஏற்றித் தர அரசு ஏற்பாடு செய்ததை நினைத்துப் பாருங்கள். இணையம் எட்டாத வீடுகளுக்குப் பாடத்தைக் கையில்தான் கொடுத்தனுப்ப முடிந்தது. அந்தத் தேவை தீர்ந்துவிடவில்லை.

கார்டுகளின் கொள்ளளவோ ஏறிக்கொண்டே போகிறது. 2000இல் வந்த முதல் எஸ்டி கார்டுகள் 64 எம்பியைத் தாண்டவில்லை. 2019இல் 1 டிபி மைக்ரோ எஸ்டி வந்துவிட்டது. பதினைந்தாயிரம் மடங்கு, அதுவும் பத்தில் ஒரு பங்கு உடம்பில். எப்படி முடிந்தது? செல்களை மாடி மாடியாக அடுக்கினார்கள். கூடவே, ஒரு செல்லில் ஒரு பிட் வைத்த இடத்தில் மூன்று, நான்கு பிட் வைத்தார்கள். நான்கு பிட் என்றால் எலெக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதாது. பதினாறு படிகளில் எந்தப் படியில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். கொஞ்சம் கசிந்தாலும் படி தவறிவிடும்.

கசிவு என்று முன்பே சொன்னேன். மின்சாரம் காட்டாமல் வைத்த கார்டு நிரந்தரம் அல்ல. நல்ல கார்டுக்குப் பத்தாண்டு என்பது பொதுவான கணக்கு. பலமுறை எழுதி அழித்துத் தேய்ந்த கார்டுக்கு அதைவிடக் குறைவு. வெயிலில் காயும் இடத்தில் வைத்தால் கசிவு கூடும். ஏற்காடுபோல மூடுபனி இறங்கும் ஊரில் ஈரம் பட்டுத் தொடுமுனைகள் கெடக்கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2008இலிருந்து 2014 வரை வாங்கிய கார்டுகளின் பத்தாண்டு கழிந்துவிட்டது. நம் ஊர்களில் எளிய மக்கள் தாங்களே எடுத்த முதல் படங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. அதற்கு முன் ஸ்டுடியோவுக்குப் போனால்தான் படம். செல்போனில் கேமரா வந்தபிறகுதான் அடுப்படியில் அம்மா நிற்கிற படமும், தாத்தா திண்ணையில் கதை சொல்கிற குரலும், மலையில் நடந்த திருவிழாவும் பதிவாயின. அவற்றுக்கு நெகட்டிவ் கிடையாது, ஆல்பம் கிடையாது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய போன் கிடக்கிற டிராயரை இந்த வாரமே திறந்து, கார்டுகளை எடுங்கள். நூற்றைம்பது இருநூறு ரூபாய்க்குக் கார்டு ரீடர் கிடைக்கும். கடையில் கொடுப்பதைவிட வீட்டில் நீங்களே செருகிப் பார்ப்பது நல்லது. உங்கள் வீட்டுப் பெண்களின் படங்கள் அதில் இருக்கலாம். திறந்ததும் ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதில் புதிதாக எதையும் எழுதாமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அழிந்ததாகத் தெரிவது பல நேரம் அழிந்திருக்காது. கிடைத்ததை இரண்டு இடத்தில் பிரதியெடுத்து, இரண்டையும் வேறு வேறு வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அடுத்த போன் வாங்கும்போது கார்டு போட இடம் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருக்கும்வரை செய்கிறவர்களும் இருப்பார்கள்.